அமெச்சூர் வானொலிக் கோபுர அஸ்திவாரம்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

வீட்டு மனைக்குள் 9 மீட்டர் முதல் 18 மீட்டர் வரை உயரமுள்ள லேட்டிஸ் (இரும்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய) கோபுரத்தை நிறுத்தி, அதன் உச்சியில் யாகி ஆன்டெனாவைச் (ஒரு திசையை நோக்கி வேலை செய்யும் ஆன்டெனா) சுழலவிட விரும்பும் ஹாம், அதாவது அமெச்சூர் வானொலி, நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். அஸ்திவாரம் எத்தனை அடி நீளம், எத்தனை அடி ஆழம் என்று சொல்வது இதன் நோக்கமன்று. அந்த அளவை உங்கள் மண்ணையும் கோபுரத்தையும் ஆன்டெனாவையும் பார்த்துக் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் வரைந்து கையெழுத்திட வேண்டும். அந்த வரைபடம் கையில் இருந்தும், தோண்டும்போதோ கான்கிரீட் போடும்போதோ போட்ட சில மாதங்களிலோ ஏதேனும் தவறாகத் தெரிந்தால், அதன் காரணத்தை எங்கே தேடுவது, எதைத் திருத்தலாம், எதை உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டும் என்பதே இங்குள்ள செய்தி.

ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க் கொத்தனார் வாழ்நாள் முழுவதும் வீடு கட்டியவர். வீடு தன் எடையால் அஸ்திவாரத்தைக் கீழே அழுத்துகிறது. கோபுரம் அவ்வளவாக அழுத்துவதில்லை. காற்றடிக்கும்போது அஸ்திவாரத்தை ஒரு பக்கமாகப் புரட்டிப் பெயர்க்கப் பார்க்கிறது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கடந்த மறுநாள் சென்னைத் தெருக்களில், தண்டு முறியாமல் வேரும் மண்ணுமாகத் தட்டுப்போல் பெயர்ந்து கிடந்த மரங்களைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் பார்த்தவரையில், வீட்டுக்குச் சரியான ஒரு பழக்கம் கோபுரத்துக்குப் பொருந்தாமல் போன இடத்தில்தான் கோபுர அஸ்திவாரப் பிழைகளில் பெரும்பாலானவை பிறக்கின்றன.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். இந்தியக் காற்றுச் சுமை விதியான ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக நொடிக்கு 50 மீட்டரையும், கோயம்புத்தூருக்கும் மதுரைக்கும் 39 மீட்டரையும் தருகிறது. அழுத்தம் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால், திருத்தக் காரணிகளைச் சேர்க்காமல் பார்த்தாலே சென்னையில் சதுர மீட்டருக்கு 1500 நியூட்டன், கோயம்புத்தூரில் ஏறக்குறைய 910 நியூட்டன் வருகிறது. 12 மீட்டர் உயரத்தில் 1 சதுர மீட்டர் பரப்புள்ள ஆன்டெனா மட்டுமே சென்னையில் அடிமட்டத்தில் 18,000 நியூட்டன் மீட்டர் திருப்புத்திறனை (புரட்டும் விளைவை) தரும். கோபுரத்தின் சட்டங்கள் மீது படும் காற்று இதற்கு மேல். நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1.5 மீட்டரான கான்கிரீட் கட்டி 3.375 கன மீட்டர், சுமார் 8.1 டன், அதன் எடை மட்டும் விளிம்பைப் பற்றித் தரும் எதிர்ப்பு 60,000 நியூட்டன் மீட்டருக்குச் சற்றுக் குறைவு. காப்புக் காரணியை (பாதுகாப்புக்காகக் கூடுதலாக விடும் இடைவெளியை) கழித்துப் பார்த்தால், கோயம்புத்தூர் நண்பரின் வரைபடத்தைச் சென்னையில் நகலெடுப்பது எவ்வளவு ஆபத்தானது என்பது தெரியும்.

அறிகுறி: தோண்டும்போதே குழியின் சுவர் சரிகிறது

கடற்கரை ஓர மணலிலும், ஏற்கெனவே எதையோ கொட்டி நிரப்பிய மனையிலும் இது நேரும். முதலில் ஆளை மேலே ஏற்றுங்கள். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் பக்கத்துக்குப் பலகை முட்டுக் கொடுக்காமல் யாரும் இறங்கக் கூடாது. ஒரு கன மீட்டர் ஈரமண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும், அது மார்பளவுக்குச் சரிந்தாலே மூச்சு நின்றுவிடும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிப்பதும் சரிவுக்கு ஒரு காரணம். ஆழத்தில் பாதி அல்லது ஒன்றரை மீட்டர், இவற்றில் எது அதிகமோ அந்தத் தொலைவுக்கு மண்ணைத் தள்ளிக் கொட்டச் சொல்லுங்கள்.

சரிந்தபின் கொத்தனார் சொல்லும் தீர்வு, குழியை அகலமாக வெட்டி நடுவில் சென்ட்ரிங் பலகை அடித்துக் கான்கிரீட் போட்டு, சுற்றிலும் மண்ணைத் தள்ளி மூடிவிடுவது. வீட்டுத் தூணுக்கு இது சரியான வழி. கோபுரத்துக்குப் போடும் பல வரைபடங்களோ, கட்டியின் நான்கு பக்கமும் குலையாத மண்ணை ஒட்டி நிற்கும் என்று வைத்துக் கணக்கிடப்பட்டவை. அந்த மண்ணின் பக்கவாட்டுத் தாங்குதலும் புரட்டு எதிர்ப்பில் ஒரு பங்கு. அகல வெட்டியதும் அந்தப் பங்கு போய்விடுகிறது. ஆகவே வரைபடத்தை எழுதியவரிடம் திரும்பிப் போய், பக்க மண் குலைந்துவிட்டது என்று சொல்லி, கட்டியின் அகலத்தைக் கூட்டித் தரச் சொல்ல வேண்டும். மண் நிரப்புவதையும் 15 செ.மீ. அடுக்காகப் போட்டு, ஒவ்வோர் அடுக்கையும் நனைத்து இடித்து இறுக்கி நிரப்ப வேண்டும். ஐப்பசி மழை பெய்ததும் கட்டியைச் சுற்றி வளையமாக மண் இறங்கினால், இந்த இடிப்பு நடக்கவில்லை என்று பொருள். அந்த மண்ணை அள்ளிவிட்டு அடுக்கடுக்காக மறுபடி நிரப்பலாம்; இது திருத்தக்கூடிய பிழை.

அறிகுறி: குழியில் தண்ணீர் ஊறுகிறது

நிலத்தடி நீர் மட்டம் மாசி, பங்குனி தொடங்கி இறங்கி, வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஏறும். மார்கழியில் தோண்டித் தண்ணீர் கண்டவர், கோடையில் தோண்டினால் ஊற்றே இல்லாத குழியைப் பெறக்கூடும். ஆனால் கோடையில் குழி காய்ந்திருந்தது என்பதற்காக மகிழ்ந்துவிடவும் கூடாது, ஏனெனில் புயல் வருவது மழைக்காலத்தில். தண்ணீருக்குள் மூழ்கிய கான்கிரீட் கன மீட்டருக்கு 1 டன் எடையை இழக்கிறது. மேலே சொன்ன 8.1 டன் கட்டி முழுதும் மூழ்கினால் 4.7 டன்னாகத்தான் வேலை செய்யும். வீட்டுக்காரருக்கு இந்த இழப்பு ஒரு பொருட்டேயன்று. எடையை நம்பி நிற்கும் கோபுரத்துக்கு இதுதான் கணக்கின் மையம். அக்கம்பக்கத்துக் கிணறுகளில் கார்த்திகை மாத நீர்மட்டம் எவ்வளவு என்று கேட்டறிந்து, அதைப் பொறியாளரிடம் சொல்லுங்கள்.

கான்கிரீட் போடும் நாளில் ஊற்று இருந்தால், கட்டியின் எல்லைக்கு வெளியே குழியின் ஒரு மூலையில் சிறு பள்ளம் வெட்டி, அதில் ஜல்லி நிரப்பி, பம்பின் உறிஞ்சுகுழாயை அங்கே வையுங்கள். கட்டிக்குள்ளேயே வைத்தால் தண்ணீரோடு சிமென்ட் பாலையும் பம்பு உறிஞ்சிவிடும். கான்கிரீட் இறுகும்வரை பம்பை நிறுத்தாதீர்கள். தேங்கிய தண்ணீருக்குள் பாண்டு பாண்டாகக் கலவையைக் கொட்டினால் சிமென்ட் கரைந்து போய், அடியில் ஜல்லியும் மணலும் மட்டும் தங்கும். மேலே பார்த்தால் எதுவும் தெரியாது என்பதால் இது இரட்டிப்பு ஆபத்து.

அறிகுறி: இரண்டடியில் பாறை தட்டுகிறது

கோயம்புத்தூர், சேலம் பக்கத்து நண்பர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. "பாறையைவிட நல்ல அஸ்திவாரம் எங்கே சார் கிடைக்கும், அதன்மேலேயே போட்டுவிடலாம்" என்று மேஸ்திரி சொல்வார். அவர் வீட்டை நினைத்துச் சொல்கிறார். பாறை தாங்கும், ஆனால் கட்டியைப் பிடித்துக்கொள்ளாது. ஆழம் பாதியாகக் குறைந்த கட்டி பாறையின் முதுகில் வைத்த பெட்டி போல் இருக்கும். கடப்பாரைக்கு உதிரும் சுக்கான் பாறை என்றால் பொறுமையாக உடைத்து வரைபட ஆழத்துக்கே போய்விடுங்கள். கருங்கல் என்றால் பாறையில் துளையிட்டு, முறுக்குக் கம்பிகளை இறக்கி, சுருங்காத கிரௌட் (இடுக்கை நிரப்பும் நீர்த்த சிமென்ட் கலவை) ஊற்றி, அந்தக் கம்பிகளைக் கட்டியின் கம்பிக் கூட்டோடு பிணைக்க வேண்டும். துளையின் எண்ணிக்கையும் ஆழமும் கணக்குப் போட்டு வருவன. துளைக்குள் இருக்கும் கல்தூசியைக் காற்றடித்து வெளியேற்றாமல் கிரௌட் ஊற்றினால் கம்பி தூசியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு கம்பியையாவது ஜாக்கி வைத்து இழுத்துப் பார்த்த பிறகு கான்கிரீட் போடுங்கள்.

அறிகுறி: கோடையில் கட்டிக்கும் மண்ணுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி

கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களில் கரிசல் மண் சித்திரையில் வாயைப் பிளந்து, மழையில் மறுபடி வீங்கி மூடிக்கொள்ளும். அந்த மண்ணில் போட்ட ஆழமில்லாத கட்டி ஆண்டுக்கொரு முறை சற்றே ஆடிச் சாயும். கோபுரத்தைப் பக்கங்களிலிருந்து இழுத்துப் பிடிக்கும் இழுகம்பிகள் இருந்தால், அவற்றின் இறுக்கமும் பருவத்துக்கேற்ப மாறும். சாய்வைத் திருத்தக் கம்பியை முறுக்கிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. வெடிப்பு எட்டாத ஆழத்தில் அஸ்திவாரம் ஊன்றியிருக்க வேண்டும். இதற்கென்றே, அடியில் குமிழ்போல் விரியும் தூண்களை ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. இவை பொதுவாக 3.5 மீட்டர் ஆழத்துக்கு இறங்கும். குமிழ் மேல்நோக்கிய இழுப்பையும் எதிர்ப்பதால் கோபுரத்துக்கு இது மிகவும் பொருந்தும். போட்டுவிட்ட கட்டியைச் சுற்றிக் கரிசலை அள்ளிவிட்டுக் கிராவல் நிரப்பி இடிப்பதும், சுற்றிலும் தண்ணீர் தேங்காமல் தளம் போடுவதும் நிலைமையைத் தணிக்கும், தீர்க்காது.

அறிகுறி: கலவை குழியில் தானாகவே ஓடிச் சமமாகிறது

பார்க்க அழகாக இருக்கும், மனம் மட்டும் பதற வேண்டும். 1:1.5:3 விகிதத்தில், 50 கிலோ மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் தண்ணீர் போதும். எம்-சாண்ட் ஈரமாக இருந்தால் அதிலேயே மூட்டைக்கு 4 லிட்டர் வரை வந்துவிடும். அதையும் கழிக்க வேண்டும். மில்லர் (கான்கிரீட் கலக்கும் இயந்திரம்) ஓட்டுபவர் வாளியைக் கணக்கிடாமல் ஹோஸ் பைப்பை டிரம்முக்குள் பிடித்தால் மூட்டைக்கு 35 லிட்டர் போவது சாதாரணம். அப்படிப் போனால் வலிமை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். நான் அன்றைக்குச் செய்யும் முதல் வேலை, 10 லிட்டர் வாளி இரண்டையும் 5 லிட்டர் வாளி ஒன்றையும் மில்லர் பக்கத்தில் வைத்து, ஹோஸ் பைப்பைக் கழற்றித் தோட்டத்துப் பக்கம் கொண்டுபோய்விடுவது. சொல்லித் திருத்துவதைவிட இது சண்டையில்லாத வழி.

சோதிக்க 30 செ.மீ. உயரக் கூம்பில் கலவையை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வொன்றையும் கம்பியால் 25 முறை குத்தி, கூம்பை நேராகத் தூக்குங்கள். குவியல் 75 முதல் 100 மி.மீ. வரை அமுங்கினால் சரி. 150 மி.மீ. தாண்டி அமுங்கினால், ரசாயனக் கலப்பு எதுவும் சேர்க்காத கலவையாக இருக்கும்பட்சத்தில், அது வெறும் தண்ணீர். அந்தக் கலவையை ஒதுக்கிவிட்டு அடுத்த மூட்டையிலிருந்து திருத்தலாம். கட்டிக்குள் போய்விட்ட பிறகு, மேலே சிமென்ட் தூவி உலர்த்துவது வெறும் கண்துடைப்பு.

கடலோரத்தில் எம்20 (மேலே சொன்ன 1:1.5:3 கலவையின் வலிமைத் தரம்) போதாது, இந்தியக் கான்கிரீட் விதியான ஐ.எஸ். 456 கடற்கரைச் சூழலைக் கடுமையானதாக வகைப்படுத்தி, கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் குறைந்தது எம்30 கேட்கிறது. எம்30 கைக்கணக்கில் வராது. வடிவமைத்த கலவையை ஆலையிலிருந்துதான் வாங்க வேண்டும். 3 கன மீட்டருக்கு லாரி அனுப்ப ஆலைகள் தயங்கும். அதே வாரத்தில் பக்கத்துத் தெருவில் யாராவது தளம் போடுகிறார்களா என்று விசாரித்து அந்த லாரியோடு சேர்ந்துகொள்வது எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது. ஆலையில் ஏற்றிய நேரம் சீட்டில் இருக்கும். இரண்டு மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும்.

அறிகுறி: கட்டியின் நடுவே கிடையாக ஒரு கோடு

பாதி போட்டதும் சிமென்ட் தீர்ந்தது, அல்லது மில்லர் பழுதானது, மீதியை மறுநாள் போட்டார்கள் என்பதன் தழும்பு இது. அழுத்தத்தை மட்டும் தாங்கும் இடத்தில் இந்த இணைப்புப் பெரிய குற்றமன்று. புரட்டலைத் தாங்கும் கட்டியில் அந்தக் கோட்டில் மேற்பாதி கீழ்ப்பாதியிலிருந்து பிரிய விரும்பும். கம்பிகள் கோட்டைக் கடந்து இறங்கியிருந்தால் ஓரளவு பிடிப்பு உண்டு. கோபுரத்தின் அடியைப் பிடிக்கும் போல்ட் மட்டுமே மேற்பாதியில் நின்றிருந்தால் கோபுரத்தை ஏற்றாதீர்கள்.

தவிர்ப்பது எளிது. 3.375 கன மீட்டருக்கு 27 மூட்டை வேண்டும். ஒரு மூட்டை மில்லரில் சுற்றுக்கு ஐந்து நிமிடம் என்றால் இரண்டேகால் மணி நேரம், தேநீரையும் தடங்கலையும் சேர்த்து நான்கு மணி நேரம். 30 மூட்டை, ஒன்றரைக் கன மீட்டர் மணல், மூன்று கன மீட்டர் ஜல்லி வந்து இறங்கி, டீசல் கேன் நிரம்பி, வைப்ரேட்டர் ஓடிக் காட்டிய பிறகே முதல் மூட்டையைப் பிரியுங்கள். வழியில் நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டு, மறுநாள் கம்பித் தூரிகையால் தேய்த்து, மேலே படிந்த வெண்பாலை அகற்றி, கழுவி, ஈரம் காயும் முன் அடுத்ததைப் போடுங்கள்.

அறிகுறி: கோபுரத்தின் அடித்தட்டு போல்ட்டுகளில் இறங்க மறுக்கிறது

இதில் எனக்கு நேர்ந்ததைச் சொல்லாமல் போக முடியாது. மூன்று கால் கோபுரத்தின் வரைபடத்தில் கால்களுக்கிடையே 450 மி.மீ. என்றிருந்தது. அதைப் பார்த்து முக்கால் இஞ்சு பிளைவுட்டில் அச்சுப் பலகை வெட்டி, போல்ட்டுகளை அதில் தொங்கவிட்டுக் கான்கிரீட் போட்டேன். பன்னிரண்டு நாள் கழித்து அடிப்பகுதி வந்து இறங்கியது. இரண்டு கால்கள் உட்கார்ந்தன. மூன்றாவது, போல்ட் நுனியின் விளிம்பில் ஏறி நின்றது. வெல்டிங் சூட்டில் சட்டங்கள் சுருங்கி, பட்டறையில் அந்தப் பக்கம் 444 மி.மீ. ஆகியிருந்தது. துளையில் இருந்த சலுகை 2 மி.மீ. மட்டுமே. தவறு பட்டறையுடையது என்று நான் நினைக்கவில்லை. இரும்பை அளக்காமல் தாளை அளந்தது நான்.

அச்சுப் பலகையைக் கோபுரத்தின் அடிப்பகுதி வந்த பிறகு, அதன் துளைகளை நேராகப் பலகையில் குறித்து வெட்டுங்கள். பலகை ஒன்று போதாது. மேலே ஒன்றும், போல்ட்டின் கீழ்ப்பகுதியில் ஒன்றும் இருந்தால்தான் வைப்ரேட்டர் தட்டும்போது போல்ட் சாயாமல் நிற்கும். கீழே வைப்பது இரும்புச் சட்டமாக இருக்கட்டும், மரம் கான்கிரீட்டுக்குள் தங்கக் கூடாது. போல்ட்டின் மேற்பகுதி 15 செ.மீ.க்குப் பிவிசி குழாய் உறை மாட்டிவிட்டால், கான்கிரீட் இறுகிய பின்பும் சில மில்லிமீட்டர் இப்படி அப்படி அசைக்கலாம். கோபுரம் நின்ற பிறகு உறைக்குள் கிரௌட் ஊற்றி அடைத்துவிட வேண்டும். மரை மேல் கிரீஸ் தடவிப் பழைய துணி சுற்றுங்கள். மரையில் சிமென்ட் ஏறியபின் அதைச் சுரண்டுவது அரைநாள் வேலை.

இறுகிய பிறகு பொருந்தவில்லை என்றால், சிறு வித்தியாசத்துக்கு அடித்தட்டின் துளையைச் சற்று நீட்டி, மேலே கனமான வாஷர் தட்டு வைத்து இறுக்கலாம். எவ்வளவு நீட்டலாம் என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும். அதற்கு மேல் போனால் பழைய போல்ட்டை வெட்டிவிட்டு, புதிய இடத்தில் துளையிட்டு எப்பாக்சி நங்கூரம் வைக்க வேண்டியிருக்கும். நான் அந்த வழியில்தான் தப்பித்தேன். கேஸ் விளக்கால் சூடாக்கிப் போல்ட்டை வளைப்பதையும், பெரிய சுத்தியலால் அடித்துத் திருப்புவதையும் யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கீல் வைத்துச் சாய்க்கும் கோபுரம் என்றால் இன்னொரு சோதனை உண்டு. அச்சுப் பலகையை வைத்த பிறகு, கோபுரம் எந்தப் பக்கம் படுக்கும் என்று தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டு, அந்தக் கோட்டில் நடந்து பாருங்கள். மின் கம்பியோ அடுத்த வீட்டுக் கூரையோ குறுக்கே வந்தால் பலகையைத் திருப்ப அப்போது ஒரு நிமிடம் போதும்.

அறிகுறி: மறுநாள் காலையில் மேற்பரப்பில் மெல்லிய வெடிப்புகள்

மயிரிழை போன்று, ஒழுங்கில்லாமல், ஆழம் குறைவாக இருந்தால் வெயிலும் காற்றும் மேல் ஈரத்தைச் சீக்கிரம் உறிஞ்சிவிட்டன என்று பொருள். அழகுக் குறையே தவிர வலிமைக் குறையன்று. சிமென்ட் பால் தேய்த்து மூடலாம். கோடையில் மாலை நேரத்தில் போட்டு, மேற்பரப்பு விரல் பதியாத நிலை வந்ததும் ஈரச் சாக்கு போர்த்தினால் இது வராது. பிறகு விளிம்பில் களிமண் பாத்தி கட்டிக் குறைந்தது பத்து நாள் தண்ணீர் நிறுத்துங்கள். போல்ட் ஒன்றிலிருந்து கிளம்பி இன்னொரு போல்ட்டை நோக்கி ஓடும் வெடிப்பு வேறு வகை. அது இறுகும் முன் யாரோ போல்ட்டை ஆட்டியதன் அடையாளம்.

அறிகுறி: பலகை பிரித்ததும் பக்கத்தில் ஜல்லி பொத்தலாகத் தெரிகிறது

கலவை கெட்டியாகவோ, வைப்ரேட்டர் போதாமலோ, கம்பிக்கூடு பலகையோடு ஒட்டி நின்றதாலோ வருவது. கம்பி தெரியாத ஆழத்துக்கு என்றால் உளியால் தட்டித் தளர்ந்ததை எடுத்துவிட்டு, கழுவி, சுருங்காத கிரௌட்டால் நிரப்புங்கள். கம்பி கண்ணில் பட்டால், கவர் பிளாக் (கம்பியைப் பலகையிலிருந்து தள்ளி நிறுத்தும் சிறு கட்டை) வைக்கவில்லை என்றும் பொருள். மண்ணைத் தொடும் அஸ்திவாரத்தில் கம்பிக்கு வெளியே 50 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும். உடைந்த செங்கல்லைக் கவர் பிளாக்குக்குப் பதிலாக வைப்பது வழக்கத்தில் இருக்கிறது. செங்கல் தண்ணீரை உறிஞ்சிக் கம்பிக்கே கொண்டுபோய்ச் சேர்க்கும்.

அறிகுறி: கான்கிரீட்டிலிருந்து வெளிவரும் இடத்தில் கோபுரக் காலில் துரு

அடிப்பகுதியை அப்படியே கான்கிரீட்டுக்குள் புதைக்கும் கோபுரங்களில் இது இரண்டு காரணங்களால் வரும். கட்டியின் மேல்மட்டம் குழிந்து தண்ணீர் தேங்குவது ஒன்று. மேலே வெளிப்புறம் சரிவாக மேடு கட்டினால் தீரும். மற்றது மோசமானது. குழாய்க் கால்களுக்குள் இறங்கும் மழைநீரும் பனியீரமும் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்கி, குழாயை உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் உப்புவது தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே மேலேறினால், தண்ணீர் நிற்கும் உயரம் வரை மந்தமான ஒலியும் அதற்கு மேல் கணீரென்ற ஒலியும் வரும். இதைத் தவிர்க்கவே கால்களின் அடிநுனியைக் கான்கிரீட்டைத் தாண்டிக் கீழேயுள்ள ஜல்லிப் படுக்கையில் திறந்து நிற்கவிடுவார்கள். கொத்தனார் அந்த ஜல்லிக்கு மேல் வழக்கம்போல் பிசிசி (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) போட்டுவிட்டால் வடிகால் அடைந்துவிடும். அந்த ஒரு வேலையை அவர் கைக்கு விடாமல் நீங்களே நின்று பாருங்கள்.

அறிகுறி: கோபுரம் ஒரு பக்கம் சாய்வதுபோல் தெரிகிறது

அளவெடுப்பதற்கு முன் நேரத்தைப் பாருங்கள். வெயில் படும் பக்கத்துக் கால் நீண்டு கோபுரம் எதிர்ப்பக்கம் சற்று வளையும் என்பதால், சூரியன் ஏறுவதற்கு முன், காற்றில்லாத வேளையில், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு திசைகளிலிருந்து தூக்குக்குண்டு நூலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 400இல் 1 பங்கு வரை நான் ஏற்கிறேன். 12 மீட்டருக்கு அது 30 மி.மீ. மாதம் ஒருமுறை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். ஒரே அளவில் நின்றால் நிறுத்தும்போதே நேர்ந்த சாய்வு. அடித்தட்டின் கீழுள்ள மட்ட நட்டுகளைத் திருகிச் சரிசெய்து கிரௌட் போடலாம். மாதாமாதம் கூடினால் கட்டியே இறங்குகிறது. மூடிய பழைய கிணறு, செப்டிக் டேங்க், கொட்டிய மண் ஆகியவற்றில் ஒன்று அந்தப் பக்கத்தில் இருக்கும். வீட்டை வாங்கியவருக்குத் தெரியாதது, எதிர் வீட்டுப் பாட்டிக்குத் தெரியும். ஆன்டெனாவை முதலில் இறக்கிவிட்டுப் பிறகு அவரைப் போய்க் கேளுங்கள்.

அறிகுறி: இழுகம்பி ஒன்று மட்டும் திரும்பத் திரும்பத் தளர்கிறது

அந்த இழுகம்பியை மண்ணில் பிடித்து வைக்கும் நங்கூரத்தின் (புதைத்த கான்கிரீட் கட்டியும் அதிலிருந்து மேலே வரும் கம்பியும்) முன்பக்கத்து மண்ணைப் பாருங்கள். பிறை வடிவில் வெடிப்பு இருந்தால் கட்டி நகர்கிறது. மேல் மண் போதாது அல்லது இடிக்கப்படவில்லை. நங்கூரக் கம்பி தரைமட்டத்தில் வளைந்திருந்தால், அது இழுகம்பியின் கோட்டில் சாய்வாக வைக்கப்படாமல் நிமிர்த்தி நடப்பட்டிருக்கிறது. இழுப்பு அதை மெல்ல மெல்லத் தன் கோட்டுக்கு வளைத்துக்கொள்கிறது. இரண்டுக்கும் அந்த நங்கூரத்தைத் தோண்டி மறுபடி போடுவதே வழி.

தளர்வே இல்லாமலும் ஆபத்து இருக்கக்கூடும். கால்வனைஸ் செய்த நங்கூரக் கம்பி நேராக மண்ணில் புதைந்திருந்து, மின்னல் பாதுகாப்புக்கு இறக்கிய செம்புக் கம்பியோடு அது இணைந்திருந்தால், ஈரமண்ணில் துத்தநாகம் தன்னைக் கரைத்துக்கொண்டு செம்பைக் காக்கும். துத்தநாகம் தீர்ந்ததும் இரும்பு கரையத் தொடங்கும். தரைக்கு மேல் பளபளக்கும் கம்பி, ஒரு அடி ஆழத்தில் பென்சில் தடிமனுக்குத் தேய்ந்திருக்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, கான்கிரீட்டுக்குள் கம்பி நுழையும் இடம் வரை கையால் தோண்டிப் பார்த்து, விட்டத்தைக் காலிப்பரால் அளந்து குறித்து வையுங்கள். ஒரு வேளையில் ஒரு நங்கூரத்தை மட்டும், அதுவும் அந்தப் பக்கத்துக்குத் தற்காலிக இழுகம்பி ஒன்றை வேறோர் ஊன்றில் கட்டி இறுக்கிய பிறகு தோண்டுங்கள். அப்போது கோபுரத்தின் மேல் யாரும் இருக்கக் கூடாது.